புது ஹைட்ராலிக் டேப்பட் போடுவது எப்படி: பெங்களூருவில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

எஞ்சின் மேல்பக்கத்திலிருந்து 'டக் டக் டக்' என்று சத்தம் வருகிறது, மெக்கானிக் "டேப்பட் போயிடுச்சு சார், செட்டா மாத்தணும்" என்கிறார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இது. நீங்களே கழற்றி மாட்டப் போகிறீர்களா, பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறீர்களா, இரண்டுக்கும் இது உதவும். ஹைட்ராலிக் டேப்பட் என்பது வால்வுக்கும் அதைத் திறக்கும் கேமுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் எண்ணெய் அழுத்தத்தால் பார்த்துக்கொள்ளும் சிறு பாகம்.

புது டேப்பட் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓடும்போது இல்லை. பெட்டியைப் பிரித்த நேரத்துக்கும் எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கும் இடையில்தான் அதன் ஆயுள் முடிவாகிறது. அழுக்கும் அவசரமும்தான் அதற்கு எமன். அதனால் மாட்டுவதைவிடத் தயார் செய்வதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறதா?

எல்லா வண்டியிலும் கிடையாது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ ஆகியவற்றில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலில் உண்டு. அதில் 16 வால்வு, 16 டேப்பட். ஒவ்வொன்றின் மேலும் உருளை வைத்த விரல் ராக்கர், அதாவது கேமின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் குட்டி நெம்புகோல், உட்கார்ந்திருக்கும். மஹிந்திராவின் எம்ஹாக் டீசலிலும், ஃபோர்டு ஐகானில் வந்த 1.6 ரோகாம் பெட்ரோலிலும், இன்னோவா பெட்ரோலில் வந்த 1டிஆர் எஞ்சினிலும் உண்டு.

மாருதி 800, ஹோண்டா சிட்டி போன்றவற்றில் ராக்கரிலேயே திருகு வைத்து இடைவெளி சரிசெய்வார்கள். அங்கே சத்தம் வந்தால் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஸ்பேனரும் போதும், புதுப் பாகம் பெரும்பாலும் தேவைப்படாது. மாருதியின் கே12 பெட்ரோலில் உள்ளது வெறும் இரும்புக் கிண்ணம், ஹைட்ராலிக் இல்லை. இந்த வண்டிக்காரர்களிடம் யாராவது "ஹைட்ராலிக் டேப்பட் மாற்றணும்" என்று எஸ்டிமேட் நீட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. சத்தம் டேப்பட்டிலிருந்துதான் வருகிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகமாகப் பணத்தை இழக்கிறார்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்றால், ஒரு கெட்ட டேப்பட் நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது விநாடிக்கு ஆறேழு தடவை தட்டும். அதைவிட இரட்டிப்பு வேகத்தில், கனமாக, வண்டி இழுக்கும்போது கூடுகிற சத்தம் என்றால் அது கீழே பேரிங்கிலிருந்து வரலாம். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

டீசலில் ஒரு சிக்கல் உண்டு: இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பீச்சும், அதனால் அதன் தட்டலும் இதே தாளத்தில் கேட்கும். ஸ்கேனர் உள்ள பட்டறையில் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை நிறுத்தியதும் சத்தம் மாறினால் டேப்பட்டைக் கழற்ற வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் 'டிக் டிக்' கேட்கும். எஞ்சின் சூடானதும் அது குறையும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சில விநாடி தட்டிவிட்டு அடங்கினால் அது நோய் இல்லை. வடிந்த எண்ணெய் திரும்ப ஏறும் நேரம் அது. ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, பிறகு 2500 ஆர்.பி.எம்.-இல் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சத்தம் போகவில்லை என்றால்தான் டேப்பட் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ராக்கர் இல்லாமல், கிண்ண வடிவ ஹைட்ராலிக் டேப்பட்டைக் கேமே நேராக அழுத்தும் எஞ்சின்களில் இன்னொரு உறுதியான சோதனை இருக்கிறது. மேல் கவரைக் கழற்றி, சோதிக்க வேண்டிய டேப்பட்டின் மேல் கேம் மூக்கு (கேமின் புடைத்த முனை) வானத்தைப் பார்க்கும்படி கிராங்கைச் சுற்றுங்கள். மரக்குச்சியால் டேப்பட்டைக் கீழே அழுத்தியபடி, கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அந்த டேப்பட் அழுத்தத்தைத் தாங்கவில்லை, மாற்ற வேண்டியதுதான். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தாதீர்கள், மேற்பரப்பில் கீறல் விழும்.

3. பாகம் வாங்குமுன் எண்ணெயைப் பாருங்கள்

ஹைட்ராலிக் டேப்பட் என்பது எண்ணெயால் நிற்கும் ஒரு குட்டித் தூண். உள்ளே ஒரு பிளஞ்சர், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், எண்ணெயை உள்ளே விட்டுத் திரும்ப விடாத ஒரு குண்டு வால்வு. எண்ணெய் சரியில்லையென்றால் நல்ல டேப்பட்டும் தட்டும்.

டிப்ஸ்டிக்கில் அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அளவுக்கு மேல் இருந்தாலும் தப்பு: கிராங்க் எண்ணெயில் அடித்து நுரை கிளப்பும், நுரை உள்ளே போனால் தூண் பஞ்சாகிவிடும். "சர்வீஸ்ல கொஞ்சம் கூடவே ஊத்திட்டேன், நல்லதுதான்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

மலிவான ஆயில் ஃபில்டரும் ஒரு காரணம். உள்ளே எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் மடல் கெட்டுப்போனாலோ இல்லாமலே இருந்தாலோ, தினமும் காலையில் டேப்பட்கள் வறண்டு தட்டும். கம்பெனி சொன்ன கிரேடில் எண்ணெயும் நல்ல ஃபில்டரும் மாற்றி, 200 அல்லது 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் ஆயில் பிரஷர் சோதனை. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் மாட்டிப் பார்ப்பார்கள், அரை மணி நேர வேலை. எண்ணெய் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது 2000 ஆர்.பி.எம்.-இல் குறைந்தது 2 பார் என்பது பல எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் அளவு. உங்கள் வண்டியின் அளவை மேனுவலில் பாருங்கள். பிரஷரே குறைவு என்றால் பம்ப், அது எண்ணெய் இழுக்கும் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னர், பேரிங் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அதைச் சரிசெய்யாமல் 16 டேப்பட்டும் மாற்றினால் 16-ம் மறுபடி தட்டும்.

கறுப்புக் களிம்பு படிந்த எஞ்சினில் ஃபிளஷ் (உள்ளே கழுவும் திரவம்) ஊற்றுவதற்கு நான் எதிரி. உரிந்து வரும் களிம்பு நேராக ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான சம்பைக் கழற்றி, கையால் துடைத்து, ஸ்ட்ரெய்னரைக் கழுவி மாட்டுவதுதான் சரி.

4. ஆவணமும் பாகமும்

ஆர்.சி.யின் தெளிவான போட்டோ கையில் இருக்கட்டும். சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் இல்லாமல் பாகம் வாங்கக் கிளம்பாதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கு வருடத்தைப் பொறுத்து வேறு பாக எண் இருக்கும். முதலில் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பாக எண்ணையும் விலையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடுக்குப் போங்கள்.

ஜே.சி. ரோடுக்குக் காரில் போவது வீண். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி டவுன்ஹால் பக்கம் நடந்துவிடலாம். வார நாளில் போங்கள், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்னடம் வராதே என்று தயங்க வேண்டாம், அங்கே தமிழிலும் பேச்சு நடக்கும். "அண்ணே, இந்த பார்ட் நம்பருக்கு ஹைட்ராலிக் டேப்பட் செட், பில்லோட வேணும்" என்று முதலிலேயே 'பில்லோட' சேர்த்துச் சொல்லுங்கள். பில் வேண்டாம் என்பவருக்கு ஒரு விலையும் பில்லோடு ஒரு விலையும் சொல்வார்கள். வித்தியாசத்தைப் பார்த்து மயங்கினால், கோளாறு வந்தால் மாற்றிக் கேட்க வாயில்லாமல் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பழைய 28 சதவீதத்தைப் போட்டு விலை சொன்னால் கேள்வி கேளுங்கள். எஞ்சின் பாகங்கள் 8409 என்ற எச்.எஸ்.என். எண்ணின் கீழ் வரும். பில்லில் அதோடு பாக எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

டேப்பட்டை எஞ்சின் தொழிற்சாலைகளுக்கே செய்து கொடுக்கும் நிறுவனங்களில் ஷாஃப்லரின் ஐ.என்.ஏ. முக்கியமானது. அந்தப் பெட்டியில் வாங்குவது கம்பெனிப் பெட்டியைவிட மலிவாக அமையலாம். கவுண்டரிலேயே ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். உயரம் 16-க்கும் ஒன்றாக இருக்கிறதா என்று வெர்னியரால் அளக்கலாம். எண்ணெய்த் துளையும் பள்ளமும் பழைய சாம்பிளில் இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். அந்தத் துளை ஒன்றிரண்டு மி.மீ. மேலோ கீழோ போனாலும் ஹெட்டின் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) எண்ணெய்ப் பாதையோடு சேராது. பாலிஷ் போட்ட தழும்பு, மேலே வட்டமான தேய்மான அடையாளம் தெரிந்தால் அது பழசைத் துடைத்துப் பெட்டியில் போட்டது. சிவாஜி நகர் குஜிரியில் (பழைய பாகச் சந்தை) கேம் கவர், பிராக்கெட் வாங்கலாம், தப்பில்லை. டேப்பட் மட்டும் அங்கே வாங்கவே கூடாது.

ஒன்றிரண்டு மட்டும் தட்டினாலும் முழு செட்டும் மாற்றுங்கள். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், மற்றவையும் அதே எண்ணெயில் அதே கிலோமீட்டர் ஓடியவைதான். பாகம் ஒன்று 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16-க்கு 8,000. ஆனால் பில் அத்தோடு நிற்காது. மேல் கவர் கேஸ்கெட், கேம் மேல்பகுதியின் கேஸ்கெட் அல்லது சீலன்ட், ஆயில் சீல், ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று மேனுவல் சொல்லும் போல்ட்கள், எஞ்சின் ஆயில் இரண்டு தடவைக்கு, ஃபில்டர் இரண்டு, அசெம்ப்ளி லூப் (மாட்டும்போது பூசும் வழுவழுப்புப் பசை), பிரேக் கிளீனர் இரண்டு டப்பா ஆகியவை சேரும். பல டீசல்களில் இன்ஜெக்டரைக் கழற்றாமல் கேம் பகுதி வராது. அப்படியானால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் புதுக் காப்பர் வாஷர். டைமிங் செயினோ பெல்ட்டோ பழசாயிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள், எப்படியும் கைவைக்கப் போகிற இடம்தான்.

பட்டறையில் கொடுக்கிறீர்கள் என்றால் எஸ்டிமேட்டைப் பாகம், கூலி, கன்ஸ்யூமபிள் (எண்ணெய், கிளீனர் போலத் தீர்ந்துபோகும் பொருட்கள்) என மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்ற ஒற்றைத் தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜெக்டர் ஹெட்டில் இறுகி உடைந்தால் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள், சண்டை வருவது அங்கேதான். டேப்பட் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. பக்கம் போக வேண்டாம். எஞ்சினையே மாற்றினால்தான் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வழக்கமான கார் இன்சூரன்ஸ் தேய்மானத்தையும் மெக்கானிக்கல் பழுதையும் ஏற்காது, பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இருந்தாலும் அப்படித்தான். ஆனால் எக்ஸ்டெண்டட் வாரண்டி உயிரோடு இருந்தால் வெளியில் கைவைக்குமுன் அந்தத் தாளை முழுக்கப் படியுங்கள். பட்டறையோடு பில் தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. இடமும் நேரமும்

இரண்டு முழுப் பகலை ஒதுக்குங்கள். சாயங்காலம் தொடங்காதீர்கள், களைத்த கையால் செய்யும் தவறு இந்த வேலையில் வால்வை வளைக்கும். பெங்களூருவில் பல அபார்ட்மெண்ட்களில் பேஸ்மெண்டில் வண்டி வேலை செய்ய அனுமதி இல்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் தெருவிலும் திறந்த ஹெட்டை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. சிமெண்ட் தூசி எண்ணெயில் கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். மழைக்காலம் என்றால் கூரை அவசியம்.

6. கழற்றுவது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி மைனஸை எடுங்கள். மேல் கவரைச் சுற்றியுள்ள மண்ணைக் கவர் மூடியிருக்கும்போதே துடைத்து ஊதிவிடுங்கள்.

டைமிங்கை, அதாவது கேமும் கிராங்கும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் நிலையை, பூட்டும் பின்கள் உள்ள எஞ்சினுக்கு அந்தப் பின்கள் கட்டாயம். "பெயிண்ட்டால் குறி வச்சுக்கலாம்" என்பது செயினில் ஒரு பல் தள்ளிப்போவதற்கான வழி. டூல் கிட் வாங்க வசதியில்லையென்றால் அந்த எஞ்சினை வழக்கமாகச் செய்யும் பட்டறையில் வாடகைக்குக் கேளுங்கள்.

கேமை மேலிருந்து பிடித்திருக்கும் கேப்களின் போல்ட்களை இறுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். அடியில் வால்வு ஸ்பிரிங்கள் கேமை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றினால் கேம் சாய்ந்து கேப் விரிசல் விடும், சில சமயம் கேமே உடையும். கேப்களில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும், அவை அந்தந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இன்ஜெக்டர்களில் குறியீட்டு எண் இருந்தால் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

டேப்பட்டைக் காந்தத்தால் மேலே இழுங்கள். பிளையரால் பிடிக்காதீர்கள். பழசையும் விரல் ராக்கர்களையும் எண் போட்ட முட்டை அட்டையில் வரிசையாக வையுங்கள், எந்த இடத்தில் என்ன தேய்மானம் என்று பார்க்க அந்த வரிசை வேண்டும். புதியவற்றை மட்டும் அந்த அட்டையில் வைக்காதீர்கள். காகித நார் எண்ணெயில் ஒட்டும்.

7. கேம், ராக்கர், துளை

பழைய டேப்பட் ஏன் போனது என்பதற்கான பதில் இப்போது உங்கள் முன்னால் விரிந்து கிடக்கிறது. கேம் மூக்குகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல் இருந்தால் நல்லது. குழி, உரிந்த தோல், நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் அந்தக் கேமில் புது டேப்பட் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். சந்தேகம் என்றால் மைக்ரோமீட்டரால் எல்லா இன்டேக் மூக்குகளையும் ஒன்றோடொன்றும், எல்லா எக்ஸாஸ்ட் மூக்குகளையும் ஒன்றோடொன்றும் ஒப்பிடுங்கள். ராக்கர் உருளையை விரலால் சுற்றுங்கள்: சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் மாற்றுங்கள்.

துளைக்குள் எண்ணெய் தடவி ஒரு புது டேப்பட்டை விடுங்கள். அதன் சொந்தக் கனத்தில் மெதுவாக இறங்க வேண்டும், விரலால் சுற்ற வர வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. இங்கே இடைவெளி மி.மீ.-இல் நூறில் சில பங்குதான். இறங்கவில்லை என்று எமரி பேப்பர் எடுத்துத் துளையைத் தேய்க்காதீர்கள். தேய்த்த வழியாக எண்ணெய் பிரஷர் வெளியேறும், அப்புறம் ஹெட்டே போச்சு. பெரும்பாலும் அடைப்பது பழுப்பு நிற வார்னிஷ். பிரேக் கிளீனரில் நனைத்த நார் விடாத துணியால் துடைத்தாலே போய்விடும். ஒவ்வொரு துளையின் எண்ணெய் வாயிலையும் கிளீனர் அடித்து, காற்று ஊதி, திறந்திருப்பதை உறுதி செய்யுங்கள். பனியன் வேஸ்ட்டை ஹெட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். அதன் ஒரு நூல் போதும், குண்டு வால்வு மூடாமல் போக.

அம்பாசடர் போல, உருளை இல்லாத தட்டை டேப்பட் நேராகக் கேமில் உரசும் பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி விதி: புதுக் கேம் போட்டால் டேப்பட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். அடிப்பாகத்தில் மாலிப்டினம் பேஸ்ட் பூச வேண்டும், துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள எண்ணெய் ஊற்ற வேண்டும். முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.-இல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது.

8. புது டேப்பட்டைத் தயார் செய்வது

கையைச் சோப்பால் கழுவுங்கள். மூடியுள்ள ஒரு புது பிளாஸ்டிக் டப்பாவில், எஞ்சினில் ஊற்றப்போகும் அதே கிரேடு புது எண்ணெயை, டேப்பட் முழுக்க மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். பயன்படுத்திய எண்ணெய் வேண்டாம், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

முதலில் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். சில தயாரிப்பாளர்கள் தேவையான அளவு எண்ணெயை நிரப்பியே அனுப்புகிறார்கள். அவற்றை நிமிர்த்தியே வைத்து, மேலே எண்ணெய் தடவி மாட்டினால் போதும், அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டாம். வறண்டு வந்தவைக்குத்தான் கீழே சொல்வது.

ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், போதாது. ஊறினால் மேல் அறை நிறையும். பிளஞ்சருக்கு அடியில் இருக்கும் அழுத்த அறையில் காற்று அப்படியே சிக்கியிருக்கும், குண்டு வால்வைத் தாண்டி அது தானாக வெளியே வராது. ராக்கர் உட்காரும் வகை டேப்பட்டை எண்ணெய்க்குள் நிமிர்த்திப் பிடியுங்கள். மேல் துளை வழியாக, முனை மழுங்கிய மெல்லிய கம்பியால் குண்டை மெல்லத் தொட்டுத் திறந்தபடி பிளஞ்சரைக் கீழே அழுத்துங்கள், குமிழி வரும். கம்பியை எடுத்து, பிளஞ்சர் தானாக எழ விடுங்கள், எழும்போது எண்ணெயை உறிஞ்சும். குமிழி நிற்கும் வரை பொறுமையாக இதைத் திரும்பச் செய்யுங்கள். ஊசி, ஆணி இவை வேண்டாம், குண்டிலோ அதன் இருக்கையிலோ கீறல் விழுந்தால் அந்த டேப்பட் முடிந்தது.

பிறகு வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் மறுபடி எண்ணெய்க்குள். இரண்டு மூன்று முறை செய்தும் அமுங்கினால் அதைத் தனியே வைத்து, பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பிரித்துக் கழுவாதீர்கள்: பிளஞ்சரும் வெளிக்கூடும் ஒன்றுக்கொன்று அளவெடுத்து ஜோடி சேர்த்தவை, இரண்டைப் பிரித்து மாற்றிப் போட்டால் இரண்டும் வீண். அடுத்து, பிளஞ்சர் உச்சிவரை எழுந்த நிலையில் நிரம்பிய டேப்பட்டை அப்படியே மாட்டிக் கிராங்கைச் சுற்றினால், அது வால்வை மூட விடாமல் தாங்கிப் பிடிக்கும், பிஸ்டன் வந்து இடிக்கும். கேமை இறுக்கியபின் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். தயாரானவற்றை எண்ணெய் டப்பாவிலேயே நிமிர்த்தி வைத்து மூடுங்கள், மாட்டும் நொடியில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

9. மாட்டுவது

துளை, டேப்பட்டின் பக்கவாட்டு, ராக்கர் உருளை, வால்வு நுனி, கேம் உட்காரும் இடங்கள் எல்லாவற்றிலும் அசெம்ப்ளி லூப். டேப்பட்டை விரலால் மட்டும் நேராக இறக்குங்கள். சாய்ந்து சிக்கினால் வெளியே எடுத்து மறுபடி. சுத்தியல், ரப்பர் சுத்தியல்கூட, கிட்டேயே இருக்கக் கூடாது. விரல் ராக்கரின் கிளிப் டேப்பட் தலையில் 'க்ளிக்' என்று மாட்டியிருக்கிறதா, மறுமுனை வால்வு நுனியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று 16-ஐயும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று நழுவியிருந்தால் கேமை இறுக்கும்போது தெரியாது, ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும்.

சீலன்ட் போடும் இடத்தில் மெல்லிய கோடு போதும். உள்பக்கம் பிதுங்கிய சீலன்ட் அறுந்து விழுந்து ஸ்ட்ரெய்னரை அடைத்த எஞ்சின்கள் நிறைய. கேப் போல்ட்களை மேனுவல் வரிசையில், பல சுற்றாக, சிறிய டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எம்6 அளவு போல்ட் என்றால் வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் சுற்றியே இருக்கும். அலுமினியத் தலையில் கைக்கணக்கு வேண்டாம், மரை பிய்ந்தால் லேத்துக்கு ஓட வேண்டும்.

இறுக்கி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு குறைந்தது 30 நிமிடம் நில்லுங்கள். கிராங்கைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் டேப்பட்களிலிருந்து மிகுதி எண்ணெய் கசிந்து, வால்வுகள் தங்கள் இடத்தில் உட்காரும் நேரம் அது. டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் எண்ணெய் தடித்திருக்கும், ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அதன்பிறகு பூட்டுப் பின்களை எடுத்துவிட்டு, சாக்கெட் வைத்துக் கிராங்கை அது சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள், பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் முட்டினால் டைமிங் தவறியிருக்கிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகு பின்கள் மறுபடி சரியாக நுழைய வேண்டும்.

10. முதல் ஸ்டார்ட்

புது எண்ணெய், புது ஃபில்டர். ஃபில்டர் நிமிர்ந்து உட்காரும் வகையானால் எண்ணெய் நிரப்பியே மாட்டுங்கள். எரிபொருள் போகாதபடி மேனுவல் சொல்லும் வழியில் தடுத்துவிட்டு, 10 விநாடி ஸ்டார்ட்டர், 30 விநாடி ஓய்வு என்று ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றுங்கள். இப்படிச் செய்யும்போதே எண்ணெய் மேலே ஏறிவிடும்.

பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தட்டும், பயப்பட வேண்டாம். ஆயில் விளக்கு அணையவில்லை என்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, 2000 முதல் 2500-க்குள் சில நிமிடம் பிடியுங்கள். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும். ரேஸ் செய்து உறுமவிட்டுச் சீக்கிரம் அடக்கப் பார்க்காதீர்கள், எண்ணெய் இன்னும் முழுக்க ஏறாத டேப்பட்டையும் கேமையும் அது அடித்துவிடும்.

ஃபேன் ஒருமுறை ஓடி நின்றபிறகும் சத்தம் இருந்தால், அது எப்படி வருகிறது என்று கவனியுங்கள். எல்லாம் சேர்ந்து மெலிதாகத் தட்டினால் எண்ணெய் அளவு, நுரை, பிரஷர் பக்கம் போங்கள். ஒரே ஒரு இடத்தில் விடாமல் தட்டினால் அங்கே டேப்பட் பஞ்சாக இருக்கிறது, அல்லது அதன் எண்ணெய் வாயில் அடைத்திருக்கிறது, அல்லது ராக்கர் கிளிப் மாட்டவில்லை. தட்டலே இல்லாமல் எஞ்சின் ஒரு சிலிண்டரில் தடுமாறினால், ஒரு டேப்பட் இன்னும் இறங்காமல் வால்வைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் தடுமாறினால் கம்ப்ரஷன் பார்க்காமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கேனில் பிடித்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

முதல் எண்ணெய் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் போய்விட வேண்டும், அதற்காகத்தான் இரண்டாவது ஃபில்டர் வாங்கியது. ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள்: மினுமினுக்கும் இரும்புத் தூள் தெரிந்தால் கேமை மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை பழைய டேப்பட்களையும் பில்லையும் பெட்டியையும் ஒரே பையில் போட்டு வைத்திருங்கள், கடையில் மாற்றிக் கேட்க இவை மூன்றும் வேண்டும்.